பழைய லேத்தின் ஸ்பிண்டிலும் பேரிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய உலோக லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றைச் சீர்செய்ய உட்காருபவர்கள், சக்கைத் தாங்கிச் சுழலும் தண்டான ஸ்பிண்டில் பற்றியும் அதைத் தாங்கும் பேரிங் பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே ஒரே இடத்தில். வெள்ளை உலோகம் (வெள்ளீயக் கலவைப் பூச்சு), வெண்கல புஷ் (வெண்கல உறை), டேப்பர் ரோலர் (கூம்பு உருளைகள்) என மூன்று வகை பேரிங்குக்கும் பதில் உண்டு. உங்கள் இயந்திரத்துக்குப் பொருந்தாத கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கடையும்போது அதிர்கிறது, பரப்பில் அலை அலையாக விழுகிறது. பேரிங் போய்விட்டதா?

போயிருக்கலாம். ஆனால் முதல் சந்தேகம் அதன்மேல் விழக் கூடாது. டூல் அளவுக்கு மீறி நீட்டிக்கொண்டிருப்பது, டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கிப் (தளர்வை நீக்கும் பட்டை) தளர்ந்திருப்பது, சக்கின் தாடைகள் வாயருகே தேய்ந்து பொருளை உள்பக்கம் மட்டும் பிடிப்பது, பெல்ட்டின் இணைப்பு ஒவ்வொரு சுற்றிலும் தட்டுவது எல்லாமே இதே அலையைத்தான் போடும். இவற்றைச் சரிபார்க்க அரை மணி நேரம் போதும். ஸ்பிண்டிலைக் கழற்றினால் வாரக் கணக்கில் இயந்திரம் நிற்கும்.

கழற்றாமலே பேரிங்கை அளக்க முடியுமா?

முடியும். அளக்காமல் கழற்றவும் கூடாது. கழற்றுவதற்கு முன் எடுத்த எண்கள் கையில் இல்லையென்றால், பூட்டிய பிறகு முன்னேற்றமா பின்னடைவா என்று சொல்ல வழியே இல்லை.

மூன்று அளவுகள் வேண்டும். முதலாவது மேல்கீழ் ஆட்டம். பெல்ட்டைத் தளர்த்தி, பேக் கியரை (வேகம் குறைக்கும் பல்சக்கரத்தை) விலக்கி, சக்கைக் கழற்றிவிடுங்கள். டயல் கேஜின் காந்த அடியை ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டிலைத் தாங்கும் பெட்டி) வார்ப்பின் மேலேயே வையுங்கள். பெட்டின் (லேத்தின் நீள அடித்தளத்தின்) மேல் வைத்தால் ஹெட்ஸ்டாக் வளைவதும் கணக்கில் சேர்ந்துவிடும். முள்ளை முன் பேரிங்குக்கு மிக அருகில், ஸ்பிண்டில் மூக்கின் (சக் மாட்டும் முனையின்) தேயாத வட்டத்தின் உச்சியில் தொட வையுங்கள். இப்போது ஸ்பிண்டில் துளைக்குள் ஒரு கட்டைக் கம்பை நுழைத்து மெல்ல மேலே தூக்குங்கள். முள் முதலில் சட்டென்று தாவி நிற்கும். இன்னும் அழுத்தினால் பலத்துக்குத் தகுந்தபடி மெதுவாக ஏறும். தாவியது ஆட்டம். மெதுவாக ஏறியது தண்டும் வார்ப்பும் வளைவது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் நல்ல பேரிங் பலவும் வீணாகக் கழற்றப்படுகின்றன. பின் பேரிங்குக்கும் இதையே செய்யுங்கள்.

இரண்டாவது ரன்-அவுட், அதாவது சுற்றும்போது மையம் விலகி ஆடும் அளவு. மூக்கின் ரெஜிஸ்டரையும் (சக் பொருந்தி உட்காரும் வட்டத்தையும்) உள் டேப்பரையும் துடைத்துவிட்டு, கையால் மெதுவாகச் சுற்றி முள்ளைப் பாருங்கள். சக்கில் பிடித்த கம்பியை வைத்து இதை அளக்காதீர்கள். வருவது சக்கின் பிழை. மூன்றாவது முன்பின் ஆட்டம். முள்ளை மூக்கின் முகத்தில் தொட வைத்து, ஸ்பிண்டிலை முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு இருக்கலாம்?

ஜெர்மன் பொறியாளர் ஜார்ஜ் ஷ்லெசிங்கர் 1927-இல் தொகுத்த இயந்திரச் சோதனை வரம்புகள் இன்றும் அளவுகோலாக நிற்கின்றன. துல்லிய வேலைக்கான லேத்தில் ஸ்பிண்டில் மூக்கின் ரன்-அவுட் 0.01 மி.மீ.க்குள், முன்பின் நகர்வும் 0.01 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மேல்கீழ் ஆட்டத்துக்கு சவுத் பெண்ட் நிறுவனம் தன் சிறு லேத்களுக்குச் சொன்ன வழி எளிது: சுமார் 75 பவுண்டு விசையில் தூக்கும்போது டயல் 0.0007 முதல் 0.001 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.018 முதல் 0.025 மி.மீ. காட்டினால் சரி. மற்ற சிறிய சாதா பேரிங் (உருளையோ குண்டோ இல்லாமல் ஸ்பிண்டில் நேராக உலோகப் பரப்பில் ஓடும் வகை) லேத்களுக்கும் இதையே தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம்.

சாதா பேரிங்கில் ஆட்டம் பூஜ்யமாக இருந்தால் மகிழ வேண்டாம். எண்ணெய்ப் படலத்துக்கு இடம் இல்லை என்று அர்த்தம்.

என் லேத்தில் எந்த வகை பேரிங் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஹெட்ஸ்டாக்கின் மேல் பேரிங் மூடி தனித் துண்டாக, போல்ட்டுகளுடன், எண்ணெய்க் குடுவையோடு இருந்தால் அது அநேகமாகச் சாதா பேரிங். மைஃபோர்ட் நிறுவனத்தின் எம்எல்7-இல் வெள்ளை உலோகம், இரு பக்கமும் ஷிம் (மூடியின் அடியில் இடைவெளி வைக்கும் தகடு). அதே நிறுவனத்தின் சூப்பர் 7-இல் முன்னால் டேப்பர் வெண்கல புஷ், பின்னால் ஒரு ஜோடி ஆங்குலர் கான்டாக்ட் பால் பேரிங். சவுத் பெண்ட் 9 அங்குல லேத் பலவற்றில் ஸ்பிண்டில் நேராக வார்ப்பிரும்பிலேயே ஓடும். கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் எண்ணெய் விடாமல் ஊற்றினால் பல பத்தாண்டுகள் தாங்குகிற அமைப்பு அது. மூடி எதுவும் இல்லாமல், பின்புறம் துளையோ வெட்டோ உள்ள வளைய நட் தெரிந்தால் அநேகமாக டேப்பர் ரோலர். ஹென்ரி டிம்கன் 1898-இல் காப்புரிமை வாங்கிய அந்த வடிவம்தான் பிற்கால லேத்களில் பெரும்பாலும் இருக்கும்.

கழற்றியே ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். எண்ணெய் வழியைக் கழுவி, புது எண்ணெய் விட்டு, ஷிம்மையோ நட்டையோ சரிசெய்தாலே முக்கால்வாசி லேத்கள் வேலைக்குத் திரும்பிவிடும். கழற்ற வேண்டிய காரணங்கள் வேறு: சுற்றும்போது கரகரப்பு, சரிசெய்த பிறகும் ஒரு நிலையில் தளர்வாகவும் இன்னொரு நிலையில் இறுக்கமாகவும் இருப்பது, வெளியே வரும் எண்ணெயில் உலோகத் துகள் மின்னுவது, எண்ணெய்த் திரி கட்டியாக உறைந்திருப்பது.

ஷிம் எடுத்து ஆட்டத்தைக் குறைப்பது எப்படி?

பல லேத்களில் ஷிம் ஒற்றைத் தகடு அல்ல. மெல்லிய தகடுகளை அடுக்கி ஒட்டியது. ஒவ்வொரு அடுக்கும் பெரும்பாலும் 0.002 அங்குலம், அதாவது 0.05 மி.மீ. கூர்மையான பிளேடால் மூலையில் நெம்பி ஓர் அடுக்கை உரிக்கலாம். உரித்ததைத் தூக்கி எறியாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பேரிங்கை மட்டும் தொடுங்கள். பின் பேரிங் மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு முன்னதைச் சரிசெய்து, டயலில் பார்த்து, அதன் பிறகு பின்னதற்குப் போங்கள். இரு பக்கத்திலும் சமமாக உரிப்பது வழக்கம். ஓர் அடுக்கு எடுத்ததும் ஸ்பிண்டில் பிடித்துக்கொண்டால், ஒரு பக்கம் மட்டும் எடுத்துப் பாருங்கள், அல்லது 0.02, 0.03 மி.மீ. தகட்டை வெட்டித் திரும்பச் சேருங்கள்.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஷிம்மை முழுதாக எடுத்துவிட்டு, போல்ட்டை எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு இறுக்கம் என்று ஓட்டுபவர்கள் உண்டு. மூடி காற்றில் தொங்கும். ஹெட்ஸ்டாக்கை ஒரு பக்கம் வெட்டி இறுக்குகிற வகையாக இருந்தால், அந்த வார்ப்பிரும்புக் காது ஒரு நாள் விரிசல் விடும். போல்ட் எப்போதும் முழு இறுக்கத்தில் இருக்க வேண்டும். இடைவெளியை முடிவு செய்வது ஷிம்மின் வேலை.

பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை) வைத்து இடைவெளியைப் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆனால் பச்சை நிற ரகமே 0.025 முதல் 0.076 மி.மீ. வரைதான் காட்டும். லேத்துக்கு வேண்டியது அதன் கீழ் விளிம்பில் இருக்கிறது. டயலே நம்பகம்.

ஸ்பிண்டிலைக் கழற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

முதலில் படம் எடுங்கள், பிறகு குறியிடுங்கள். எந்த மூடி எந்தப் பக்கம், எந்தத் திசை நோக்கி இருந்தது, ஷிம் எந்தப் பக்கத்தது எல்லாவற்றுக்கும் குறி வேண்டும். மூடிகளைப் பூட்டித்தான் துளை போட்டிருப்பார்கள். மாறிப் போட்டால் துளை வட்டமாக இருக்காது.

முன் பேரிங்கின் விட்டம் பெரியது, பின்னது சிறியது. ஆகவே பெரும்பாலான லேத்களில் ஸ்பிண்டில் சக் பக்கமாகத்தான் வெளியே வரும். பின் நட்டில் பூட்டுத் திருகு இருக்கும். எண்ணெய்க் கசடுக்குள் அது கண்ணுக்கே தெரியாது. அதன் அடியில் சிறு செம்பு அல்லது ஈயத் துண்டு இருக்கலாம், திருகை எடுத்தாலும் அது த்ரெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். நட் அசையவில்லை என்றால் பலம் கூட்டுவதற்கு முன் அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய கியர் ஒரு சாவியில் (கியர் தண்டில் வழுக்காமல் பிடிக்கும் சிறு உலோகத் துண்டில்) உட்கார்ந்திருக்கும். ஸ்பிண்டில் நகரத் தொடங்கியதும் சாவி வேறொரு பாகத்தில் இடித்து நிற்கிறதா என்று ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

சுத்தியலால் அடிக்கவே வேண்டாம். ஸ்பிண்டில் துளை வழியாக நீள த்ரெட் கம்பியை விட்டு, முன்பக்கம் ஸ்பிண்டில் மூக்கு நுழையும் அளவுக்கு அகலமான குழாய்த் துண்டையும் தகட்டையும் வைத்து, பின்பக்கம் ஸ்பிண்டில் முனையில் மட்டும் பிடிக்கும் சிறு வளையத்தைப் போட்டு, நட்டைத் திருகினால் ஸ்பிண்டில் சத்தமில்லாமல் வரும். ரோலர் பேரிங்கானாலும் இதுவே வழி. அடிக்கிற ஒவ்வோர் அடியும் ரோலர் வழியாக ரேஸில் (ரோலர் ஓடும் வளையத்தில்) குழியாகப் பதியும்.

சவுத் பெண்டில் பிளந்த வெண்கல பேரிங் உள்ள ரகம் என்றால் இன்னொன்று: புஷ்ஷை விரித்துப் பிடிக்கும் திருகுகளை முதலில் எடுத்தால்தான் எதுவும் நகரும். அடியில் இருக்கும் எண்ணெய்த் திரி ஸ்பிரிங்கால் மேலே தள்ளப்பட்டிருக்கும். திரும்பப் பூட்டும்போது திரியைக் கீழே அழுத்தி, பக்கத்துத் துளை வழியாக மெல்லிய கம்பியைச் செருகிப் பிடித்துவைத்து, ஸ்பிண்டில் உள்ளே போன பின் கம்பியை உருவ வேண்டும். இதைச் செய்யாமல் தள்ளினால் திரி மடங்கிப்போய் பேரிங் காய்ந்து ஓடும்.

பேரிங் ஓடும் இடத்தில் கோடு கோடாக இருக்கிறது. ஸ்பிண்டில் வீணா?

விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரிந்து நகத்தில் சிக்காத கோடு என்றால் விட்டுவிடலாம். சிக்குகிறது, ஆனால் அங்கொன்று இங்கொன்றாகத்தான் என்றால், உயர்ந்து நிற்கும் விளிம்பை மட்டும் எண்ணெய்க் கல்லால் தட்டையாக்கினால் போதும். குழி இருப்பதால் கெடுதல் குறைவு. மேடுதான் பேரிங்கைக் கிழிக்கும்.

அடுத்து மைக்ரோமீட்டர். ஒவ்வொரு ஜர்னலிலும் (ஸ்பிண்டிலில் பேரிங் ஓடும் பகுதியிலும்) மூன்று இடங்களில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் அளந்து எழுதுங்கள். முட்டை வடிவம் 0.01 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, பேரிங் ஓடாத விளிம்புக்கும் ஓடிய இடத்துக்கும் தெளிவான படி இருந்தாலோ எமரித் தாளால் தீராது. உருளைச் சாணைக்குத்தான் அனுப்ப வேண்டும். அனுப்பும்போது சக் உட்காரும் ரெஜிஸ்டருக்கும் ஜர்னலுக்கும் மையம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடும். சாணை பிடித்தால் விட்டம் குறையும், அதற்கேற்ற புஷ் வேண்டும். பழைய விட்டமே வேண்டும் என்றால் கடின குரோம் ஏற்றிச் சாணை பிடிப்பார்கள். வெல்டிங் வைத்து நிரப்புவதைத் தவிருங்கள், தண்டு வளையும்.

மெருகுத்தாள் போட்டிருந்தால் கடைசித் துகள் போகும்வரை கழுவுங்கள். வெள்ளை உலோகம் மென்மையானது. எமரித் தூள் அதில் பதிந்து உட்கார்ந்துகொண்டு, ஸ்பிண்டிலை வருடக் கணக்கில் அறுக்கும்.

வெள்ளை உலோகம் உரிந்துவிட்டது. நானே ஊற்றலாமா?

ஐசக் பாபிட் 1839-இல் காப்புரிமை பெற்ற கலவை இது. பொதுவாகப் பயன்படும் வெள்ளீய ரகத்தில் 89 சதவீதம் வெள்ளீயம், மீதி ஆண்டிமனியும் செம்பும். சுமார் 240 டிகிரியில் இளகத் தொடங்கி, 350 டிகிரிக்குச் சற்று மேலே முழுதாக உருகும். எட்டாத வெப்பமில்லை என்பதால்தான் வீட்டிலேயே ஊற்றத் துணிகிறார்கள்.

ஊற்றுவது இதில் சின்ன வேலை. வார்ப்பை முன்கூட்டியே சூடாக்க வேண்டும். ஈரம் ஒரு துளி இருந்தாலும் உருகிய உலோகம் முகத்தில் தெறிக்கும். பழைய உலோகத்தில் ஈயம் இருக்கலாம், அதனால் புகையை வெளியேற்ற வழி வேண்டும். ஊற்றியபின் இரண்டு பேரிங்கையும் ஒரே நேர்க்கோட்டில், பெட்டுக்கு இணையாகத் துளைபோட வேண்டும். இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். நேர்க்கோட்டுத் துளைக்கு வழி இல்லாதவர் ஊற்றத் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஓரத்தில் சிறு துண்டு உடைந்திருந்து, மீதி கெட்டியாக ஒட்டியிருந்தால் அப்படியே ஓட்டலாம்.

வெண்கல புஷ்ஷை ஸ்கிரேப் செய்வது (கையால் சீவிப் பொருத்துவது) எப்படி?

ஜர்னலில் பிரஷ்யன் ப்ளூ என்ற நீல மையை மிக மெல்லிதாகத் தடவி, ஸ்பிண்டிலை உள்ளே வைத்து அரைச் சுற்று சுற்றி எடுங்கள். நீலம் ஒட்டிய இடம் உயரம். அதை மட்டும் ஸ்கிரேப்பரால் சீவி, மறுபடி நீலம் தடவி, மறுபடி சீவி, புள்ளிகள் பரவலாக வரும்வரை தொடர வேண்டும். இரண்டு பேரிங்கையும் ஒரே ஸ்பிண்டிலை வைத்து ஒன்றாகப் பார்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் நேர்க்கோடு போய்விடும். அரைப்புப் பசை தடவிச் சுற்றித் தேய்க்கும் குறுக்குவழி வேண்டாம்.

ரோலர் பேரிங்கை எப்போது மாற்ற வேண்டும்?

கெரசினில் கழுவி, நல்ல வெளிச்சத்தில் ரேஸைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பழுப்பு நிறக் கறை பழைய எண்ணெயின் படிவு, பயமில்லை. மங்கலான சாம்பல் பாதையும் பல நேரம் பரவாயில்லை. மாற்ற வேண்டியவை: செதில் செதிலாகப் பெயர்ந்த இடம், துருக் குழி, ரோலர்களின் இடைவெளிக்குச் சரியாக ஒத்த குழிவரிசை, ரேஸைச் சுற்றிலும் நெருக்கமான குறுக்குக் கோடுகள். குழிவரிசை அடியாலோ, இயந்திரம் நிற்கும்போது அதிர்ந்துகொண்டே இருந்ததாலோ வந்திருக்கும். குறுக்குக் கோடுகள் மின்சாரம் பாய்ந்த தடயம். சக்கில் பொருளைப் பிடித்து வெல்டிங் வைத்து, எர்த்தை பெட்டில் மாட்டியிருப்பார்கள். மின்சாரம் பேரிங் வழியாகப் போயிருக்கும்.

கழுவிய பேரிங்கைக் காற்று அடித்துச் சுழல விடாதீர்கள். சீறிக்கொண்டு சுற்றுவது வேடிக்கையாக இருக்கும். ரோலர்களைப் பிடித்துவைக்கும் கூண்டு உடைந்தால் ரோலர் துப்பாக்கிக் குண்டுதான்.

சாதாரண ரகம் போதுமா, துல்லிய ரகம் வேண்டுமா?

மெட்ரிக் பேரிங்கில் பி0 சாதாரணம். பி6, பி5, பி4, பி2 என்று எண் குறையக் குறையத் துல்லியம் கூடும். ஏபெக் என்ற அமெரிக்க ரக முறையில் தலைகீழ்: 5 என்பது பி5-க்கும், 7 என்பது பி4-க்கும் சமம். பழைய பேரிங்கின் எண்ணோடு ரகக் குறியும் பொறித்திருக்கும், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பதுதான் வேலையின் வட்டத்தைத் தீர்மானிக்கிறது. செலவைச் சுருக்க வேண்டுமென்றால் முன்னால் நல்ல ரகம், பின்னால் ஒரு படி கீழே என்று போடலாம். பொதுப்படையான வேலைக்கு நல்ல நிறுவனத்தின் சாதாரண ரகமே பலருக்கும் திருப்தி தந்திருக்கிறது. எல்லா லேத்துக்கும் பி4 வேண்டும் என்பது வீண் பெருமை.

துல்லிய ரகத்தில் உள்வளையத்தின் உயர்ந்த புள்ளிக்குக் குறி இருக்கும். ஸ்பிண்டிலின் உயர்ந்த பக்கத்துக்கு எதிரே அதை வைத்துப் பூட்டினால் இரண்டு பிழையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

புது பேரிங்கை ஏற்றி, ப்ரீலோட் (ஆட்டம் இல்லாதபடி முன்கூட்டியே தரும் இறுக்கம்) வைப்பது எப்படி?

எண்ணெயிலோ மின் சூடேற்றியிலோ 80 முதல் 100 டிகிரிக்குச் சூடாக்குங்கள். நெருப்பை நேராகக் காட்ட வேண்டாம். 50 மி.மீ. துளை, 70 டிகிரி வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 0.04 மி.மீ. விரியும், தானாக வழுக்கி உட்காரும். உட்கார்ந்ததும் தோளோடு ஒட்டி ஆறும்வரை பிடித்திருங்கள், இல்லையென்றால் ஆறும்போது விலகி நிற்கும்.

நட்டை இறுக்கும்போது ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ரோலர்கள் தங்கள் இடத்துக்கு நகர அதுதான் வழி. முன்பின் ஆட்டம் டயலில் மறைந்த புள்ளியிலிருந்து கொஞ்சம் மட்டும் மேலே போங்கள். அளந்து செய்ய விரும்பினால் ஸ்பிண்டிலில் நூலைச் சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுங்கள். அசையத் தொடங்கும்போது காட்டுவதை விட்டுவிட்டு, சீராகச் சுற்றும்போது காட்டும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். உற்பத்தியாளரின் கையேட்டில் எண் இருந்தால் அதுவே வேதம்.

அப்புறம் குறைந்த வேகத்தில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் முன் பேரிங் அருகே தொட்டுப் பாருங்கள். இதமான சூடு நல்லது. கை வைக்க முடியாத அளவுக்குப் போனால் நிறுத்தி, ஆறவிட்டு, நட்டைத் துளி தளர்த்துங்கள். ஸ்பிண்டில் சூட்டில் நீளும் என்பதால் குளிர்ந்த நிலையில் வைத்த இறுக்கம் ஓட்டத்தில் மாறும். எதிரெதிராக வைத்த பேரிங்கின் அமைப்பைப் பொறுத்து கூடவும் செய்யும், குறையவும் செய்யும்.

எந்த எண்ணெய்?

கையேடு சொல்வது. அது இல்லாவிட்டால், சொட்டு எண்ணெயில் ஓடும் சாதா பேரிங் லேத்துக்கு மெல்லிய எண்ணெய்தான்: மைஃபோர்ட் 7 வரிசைக்கு ஐஎஸ்ஓ விஜி 32 (விஜி என்பது எண்ணெயின் கெட்டித்தன்மை எண்), சவுத் பெண்ட் ஸ்பிண்டிலுக்கு விஜி 22-க்கு நெருக்கமானது. தேய்ந்த பேரிங்குக்குக் கெட்டி எண்ணெய் ஊற்றினால் சத்தம் அடங்கும், சூடு ஏறும். சொட்டு முறையில் எண்ணெய் ஒழுகிக் கீழே வருவது கோளாறு இல்லை, அழுக்கை வெளியே கொண்டுவருவதே அந்த ஒழுக்குதான். கிரீஸில் ஓடும் ரோலர் பேரிங்கில் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடைக்காதீர்கள்.

சாதா பேரிங்கை எடுத்துவிட்டு ரோலர் போடலாமா?

வேண்டாம். ஹெட்ஸ்டாக்கைத் துளைபோட்டுப் பெரிதாக்க வேண்டும், சுவர் மெலியும், திரும்பி வர வழி இருக்காது. நன்றாகப் பொருந்திய சாதா பேரிங்கின் பரப்பு வழவழப்பு ரோலருக்கு எளிதில் வராது. அதிக வேகம் வேண்டும் என்றால் வேறு லேத் வாங்குவது மலிவு.

எல்லாம் பூட்டினேன். இப்போது டேப்பராகக் கடைகிறது!

ஹெட்ஸ்டாக்கைக் கழற்றியிருந்தால் அடியில் ஒரு சீவல் சிக்கியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். அடுத்து பெட் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று லெவல் வைத்துப் பாருங்கள். பிறகு 30, 40 மி.மீ. தடிமனான கம்பியை டெயில்ஸ்டாக் இல்லாமல் சக்கில் மட்டும் பிடித்து, நூறு மி.மீ.க்குச் சற்று மேல் நீட்டி, இரு முனையிலும் இரண்டு வளையம் போல் விட்டு நடுவைக் குறைத்து, கடைசி மெல்லிய வெட்டை, டூலின் அமைப்பை இடையில் மாற்றாமல், இரண்டு வளையத்திலும் ஓட்டுங்கள். விட்ட வித்தியாசத்தில் பாதிதான் அந்த நீளத்துக்கான சாய்வு. ஹெட்ஸ்டாக்கின் அடியைச் சீவும் எண்ணம் வந்தால், பெட்டை மறுபடி ஒரு முறை அளந்துவிட்டு யோசியுங்கள்.

கடைந்த பொருளை அங்கேயே டயல் வைத்துப் பார்த்தேன், முள் அசையவே இல்லை. ஸ்பிண்டில் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

முடியாது. அந்தப் பொருளைக் கடைந்ததும் அதே ஸ்பிண்டில், இப்போது சுற்றுவதும் அதுவே. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி திரும்ப வரும் பிழை பொருளில் பதிந்து, டயலின் முன் மறைந்துபோகும். பொருளை வெளியே எடுத்துத்தான் பார்க்க வேண்டும். மைக்ரோமீட்டரால் சுற்றிலும் அளந்தால் முட்டை வடிவம் தெரியும். மூன்று, ஐந்து என ஒற்றைப்படை மேடுகள் இருந்தால் எந்தத் திசையில் அளந்தாலும் மைக்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்டும். அதற்கு வி-பிளாக்கில் கிடத்தி, மேலே டயலை வைத்து, பொருளைக் கையால் சுற்ற வேண்டும். இரண்டிலும் சில மைக்ரானுக்குள் நின்றால் பேரிங்கை விட்டுவிட்டு, கிராஸ் ஸ்லைடின் கிப்புக்குப் போகலாம்.